திறந்து கிடந்த மேற்கு ஜன்னல்

1989, மே மாதம். மாலை ஆறரை மணி.

ஆர்க்கிடெக்ட் கங்காதரன் மேஜையருகே குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். ஷூவில் ஈரமணல். பக்கத்தில் ஒரு சுத்தியல். கதவைத் திறந்தவள் ஜெயசீலி. செத்துக் கிடந்தவர் அவளுடைய தொழில் கூட்டாளி. சுத்தியல் அவள் புருஷன் டேவிட்டுடையது.

கடலே இல்லாத கரையான்சாவடியில் உட்கார்ந்துகொண்டு கடற்கரைச் சொகுசு விடுதிக்குப் படம் போடுகிறார்களாம் என்று கீழே டீக்கடையில் கேலி பேசுவார்கள். மணல்மேட்டைக் கலைக்காமல், ஒரு புன்னையைக்கூட வெட்டாமல், மரங்களுக்கு நடுவே குடில்கள். அதற்கு அட்டையில் மாதிரி செய்தவன் டேவிட். நேற்றுத்தான் அதை வைத்துக் கங்காதரனோடு வாய்ச்சண்டை போட்டிருந்தான். போலீசுக்கு அது போதாதா?

டேவிட்டை ஜீப்பில் ஏற்றிவிட்டு இன்ஸ்பெக்டர் செங்கல்வராயன் மாடிக்கு வந்தார்.

"சாயங்காலம் உன் புருஷன் எங்கம்மா இருந்தான்?"

"அட்டை வாங்க பூந்தமல்லிக்குப் போனாரு சார்."

"யாரு பார்த்தா?"

 

விடுதியைக் கட்டும் காண்டிராக்டர் நாகேந்திரன் வாசலில் நின்று மூக்கைச் சிந்தினான். "தங்கமான மனுசன் சார்! காலைலேர்ந்து நான் ஆவடில இருந்தேன். இந்தப் படியேறி ஒரு வாரம் ஆவுது." விரலில் சாவிவளையத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தான். அதில் தொங்கிய பித்தளை லாடம் பல்பு வெளிச்சத்தில் மின்னியது.

அப்போதுதான் ஜெயசீலி மேற்கு ஜன்னலைப் பார்த்தாள். விரியத் திறந்து கிடந்தது. மேஜைக்கடியில் ஒரு தாள் கவிழ்ந்து கிடந்தது.

"சார், இது படம் பிரதி எடுக்கிற அம்மோனியாத் தாள். வெயில் பட்டா வெளுத்துடும். எதாவது பொருள் மறைச்ச இடம் மட்டும் மஞ்சளா நிக்கும். அம்மோனியாப் புகை காட்டினா அந்த இடம் நீலமாயிடும். இதைக் காலையிலதான் வெட்டி மேஜையில விரிச்சேன். தாள் வெளிய இருக்கும்போது நாங்க யாரும் ஜன்னலைத் திறக்கமாட்டோம். புகை காட்டிப் பார்க்கட்டுமா?"

"சரி, பண்ணு."

மங்கலான பல்பில் தாளின் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகவே தெரிந்தன.  டேவிட்டின் சாமான்கள் எப்போதும் அந்த மேஜையில்தான் இறைந்து கிடக்கும். அவனுடைய சுத்தியல் வடிவமே வந்துவிட்டால்? அவள் கையாலேயே அவனுக்குக் கயிறு மாட்டியதாகிவிடும். ஆனாலும் இந்த ஜன்னலை அவன் திறந்திருக்கமாட்டான். மாதாவே என்று தாளை மூலையிலிருந்த அம்மோனியாப் புகைப் பெட்டிக்குள் விட்டாள். வாடை மூக்கில் ஏறியது. நாகேந்திரன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான்.

தாளை வெளியே எடுத்தாள். வெள்ளைப் பரப்பின் நடுவில் நீலமாக ஒரு லாடம். அதைச் சுற்றி மூன்று சாவிகள்.

நாகேந்திரனின் விரலில் வளையம் நின்றுபோனது.

"சாவியை மேஜையில வெச்சிருக்கீங்க. வாடை தாங்காம ஜன்னலைத் திறந்திருக்கீங்க," என்றாள் ஜெயசீலி.  "இங்க வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த வாடை பழகிப்போச்சு. கங்காதரன் சார் ஷூவுல கடல்மணல் இருக்கு. இன்னைக்கு சைட்டுக்குப் போயிருக்காரு. அங்க என்னத்தைப் பார்த்தாரு?"

செங்கல்வராயன் அவன் தோளில் கை வைத்தார்.

"மணல்மேட்டை வெட்டி வித்துட்டேன் சார்," என்றான் நாகேந்திரன் தரையைப் பார்த்தபடி. "பாதி மேடு பூட்ச்சு. விடுதி மொதலாளிகிட்ட சொல்லுவேன்னு குதிச்சாரு. சுத்தியலு கைல மாட்டிக்கிச்சு."

ஜெயசீலி அதற்கு மேல் கேட்கவில்லை. ஜீப்பில் விலங்கோடு இருந்தவனை நோக்கிப் படிகளில் ஓடினாள்.