நோவு பார்ப்பவள்

துளசிமணி அன்று காலையிலிருந்து ஊராரின் இடுப்புவலி, மூட்டுவலி, மூலநோய் எல்லாவற்றையும் பட்டு முடித்திருந்தாள். கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு அதுதான் வேலை. வருடத்துக்கொரு முறை போடும் வலித்தடை ஊசி வந்த பிறகு யாருக்கும் எதுவும் வலிப்பதில்லை. வலிச்செய்தி நரம்பு வழியாக முதுகுத்தண்டு வரை ஒழுங்காகத்தான் வருகிறது. மூளைதான் கதவைத் திறப்பதில்லை. வசதிதான். ஆனால் எங்கே வலிக்கிறது என்று நோயாளிக்கே தெரியாவிட்டால் டாக்டர் எதைத்தான் பார்ப்பார்? வயிற்றை அமுக்கிப் பார்க்கும் பழக்கம்கூட டாக்டர்களுக்கு விட்டுப்போயிருந்தது. அதனால் ஊசி போடாத சிலரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். நோயாளியின் முதுகில் ஒரு பட்டை, துளசிமணியின் தலையில் ஒரு குல்லாய். இரண்டையும் இணைக்கும் கருவிக்கு நோவுகாணி என்று பெயர். நோயாளியின் வலியை அவள் படுவாள், இடத்தைச் சொல்வாள்.

மத்தியானம் தலை விண்ணென்று தெறித்தது. அடுத்தவர் வலியல்ல, சொந்தத் தலைவலி. கைப்பையில் கிடந்த பாராசிட்டமாலைக் காபியோடு விழுங்கினாள். வேலை நேரத்தில் மாத்திரை கூடாதென்பது விதி. "என்ற சொந்தத் தலைவலிக்குத்தானே போட்டேன்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மாத்திரைக்கு என் தலைவலி, உன் வயிற்றுவலி என்ற பேதம் தெரியுமா? அது ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய், அங்கே வரும் எல்லா வலியையும் ஒன்றாகத் தணித்தது.

சற்று நேரத்தில் அவள் தம்பி சென்னியப்பன் வந்தான். "சோறே எறங்க மாட்டேங்குதுக்கா. செத்த பாரு."

குல்லாயை மாட்டினாள். வயிற்றில் லேசான முணுமுணுப்பு. "வாயுடா. பெருங்காயத்தக் கரைச்சுக் குடி, போ." டாக்டரும் தலையாட்டி அனுப்பினார்.

மறுநாள் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குல்லாய் தலையில் பட்டதும் துளசிமணி வீலென்று அலறித் தரையில் சுருண்டாள். "ஐயோ, வயித்துக்குள்ள என்னமோ வெடிச்சிருக்குது!"

"ஏங்க்கா இப்படிக் கத்தற? எனக்கொண்ணும் பண்ணலையே" என்றான், கட்டிலில் கிடந்த சென்னியப்பன். அவன் கடைசியாகப் பேசியது அதுதான். குடல்வால் வெடித்து, விஷம் உடம்பெங்கும் ஏறியிருந்தது. அறுவை மேசையிலேயே உயிர் போயிற்று.

உறவினர்கள் வராந்தாவில் டீ குடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஊசி துக்கத்துக்கும் சேர்த்தே கதவடைத்திருந்தது. துளசிமணி மட்டும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நாந்தான் கொன்னுட்டேன். பாழாப்போன ஒரு மாத்திரையப் போட்டு எந்தம்பியக் கொன்னுட்டேன்."

அவள் அம்மா நல்லாத்தாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அது கெடக்கட்டும் அம்மிணி. ஒரு சொட்டுக் கண்ணீர் வர மாட்டேங்குது எனக்கு. பெத்த வயிறு வலிக்கலீன்னா நான் என்ன சென்மம்? அந்தக் குல்லாயப் போட்டு, உள்ளுக்குள்ள வலிக்குதான்னு பாத்துச் சொல்லு."

துளசிமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் முதுகில் பட்டையைக் கட்டிவிட்டுக் குல்லாயை மாட்டினாள். நெஞ்சைப் பிடித்தாள். மூச்சுத் திணறி அப்படியே மடங்கி விழுந்தாள். வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்பாடா, இருக்குது" என்று நல்லாத்தாள் பட்டையைக் கழற்றினாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் வந்து நின்றிருந்த சித்தப்பா, அடுத்து தன் முறை என்று சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார்.