ஐந்தாம் பெட்டிக்குப் பிறகு மூன்று பேர்

எழுத்துப் பிழையாக இருக்கும் என்றுதான் வெர்னா முதலில் நினைத்தாள். ஐந்தாம் பெட்டியைப் பற்றிப் போன வசந்தத்தில் யாரோ எழுதியிருந்த இரண்டு வரி, அவள் கையிலிருந்த கருவியின் சின்னத் திரையில் மங்கலாகத் தெரிந்தது. 'மழை விடவில்லை. மூன்று பேரும் தொப்பலாக நனைந்துவிட்டோம்.' எழுதியவர் பெயர் ஹார்லன். அதே ஹார்லன் அதே நாளில் நான்காம் பெட்டியில், 'நானும் ஐரிஸும், வழக்கம்போல இரண்டே பேர்' என்று எழுதியிருந்ததை அரை மணி நேரம் முன்புதான் அவள் படித்திருந்தாள்.

நவம்பர் மாதத்துப் பிற்பகல். மணி ஒன்றரைதான் ஆகியிருந்தது, ஆனாலும் மலைச் சரிவின் தேவதாரு மரங்களுக்கிடையே பனிமூட்டம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் இருந்ததையெல்லாம் சாம்பல் பூசி வைத்திருந்தது. ஒரு காலத்தில் வெட்டுமர ரயில் ஓடிய பாதை அது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். சரளைக்கல் மட்டும் பாசி பிடித்துக் கிடந்தது. எங்கோ கீழே ஓடை ஓடும் இரைச்சலும், ஈர மரப்பட்டையின் காட்டமான வாசனையும், விழுந்து கிடந்த ஒரு பெருமரத்துக்கு அடியில் பெரணிச் செடிகளை விலக்கித் துழாவும் அவள் கணவன் ராய்ஸின் முனகலும் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை.

யாரோ ஒளித்து வைத்த பெட்டியை, செயற்கைக்கோள் காட்டும் இடத்தில் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் காகிதச் சுருளில் பெயரை எழுதி, மறுபடி அதே இடத்தில் ஒளித்து வைத்துவிட்டு வருவது. ஒன்பது வருடமாக அவர்கள் இருவரின் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் கழிந்தன. வாரம் முழுக்கப் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் வெர்னாவுக்குச் சனிக்கிழமை மாலை ஒரு சடங்கு உண்டு. மறுநாள் தேடப்போகும் பெட்டிகளின் இணையப் பக்கங்களை அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, முன்பு போனவர்கள் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக் கோப்பில் சேர்ப்பாள். எந்தப் பாலம் இற்றுப்போயிருக்கிறது, எங்கே குளவிக்கூடு என்பதெல்லாம் கிளம்பும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

போன மாதம் ராய்ஸ் ஆளுக்கொன்றாக இரண்டு புதிய கருவிகளை வாங்கி வந்தான். கணினியில் இணைத்தால் போதும், ஆயிரம் பெட்டிகளின் விவரமும் உள்ளே இறங்கிவிடும். இனிமேல் காகிதமே வேண்டாம் என்றான்.

"இது நனையாது, கிழியாது, வழி தப்பினா என் மேல எரிஞ்சு விழாது. உன் ஃபைலு முதல் ரெண்டையும் செய்யும், நீ மூணாவதைச் செய்வ."

அவளும் சிரித்துத்தான் வைத்தாள். மறுநாள் அவளுடைய ஒன்பது கோப்புகளும் வாகனக் கொட்டகையில், பழைய செய்தித்தாள் போடும் நீலத் தொட்டியில் கிடந்தன. நேற்று மாலை அந்த மேசை வெறுமனே கிடந்தது. இந்தப் பாதையைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காமல் அவள் கிளம்பி வந்திருந்தாள்.

இப்போது குளிரில் விறைத்த கட்டை விரலால் பொத்தானை அழுத்தி அழுத்தி ஒவ்வொன்றாகப் படித்தாள். பெட்டிக்கு ஐந்து பதிவுகள் கருவியில் இருந்தன. மொத்தம் எட்டுப் பெட்டி. கார் நிறுத்துமிடத்தில் கிளம்பி ஒரு பெரிய வட்டமடித்து அங்கேயே இறங்கும் பாதை. வருடத்துக்கு ஒரு முறை யாராவது வந்தால் அதிகம். ஹார்லனும் ஐரிஸும். டெல், கர்ட் என்று அண்ணன் தம்பி. ஒரு தாயும் மகளும். இன்னும் இரண்டு ஜோடி.

முதல் பெட்டியில் இரண்டு பேர். நான்கு வரைக்கும் இரண்டு பேர்தான். ஐந்தில் மூன்று பேர். ஆறில், ஏழில் மூன்று. எட்டாவதில், 'இருவரும் காருக்கு வந்து சேர்ந்தோம்.'

ஐந்து பதிவிலும் அப்படித்தான் இருந்தது. ஐந்தும் வேறு வேறு வருடம்.

மேசையில் எட்டுத் தாளையும் அடுத்தடுத்துப் பரப்பியிருந்தால் நேற்றே கண்ணில் பட்டிருக்கும். அவள் ராய்ஸைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் ஒரு ஃபிலிம் டப்பாவைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து, முழங்கால் சேற்றைத் தட்டிவிட்டான். வழியில் யாராவது நடக்கிற ஆள் சேர்ந்துகொண்டிருப்பார்கள், அப்புறம் பிரிந்து போயிருப்பார்கள் என்றான். டப்பாவுக்குள் தண்ணீர் புகுந்து காகிதம் ஒட்டிப் போயிருந்தது. ஓரத்தில் இரண்டு பேரும் எப்படியோ கிறுக்கிவிட்டுக் கிளம்பினார்கள்.

நூறடி தள்ளிப் பாதையை மறித்து ஒரு முட்கொடி வளைந்து கிடந்தது. ராய்ஸ் அதைத் தூக்கிப் பிடித்தான். வெர்னா குனிந்து கடந்தாள். கடந்த பிறகும் அவன் கொடியை விடவில்லை. இன்னும் ஒருவர் கடக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் தூக்கியபடியே நின்று, பிறகு மெதுவாக இறக்கிவிட்டு வந்தான்.

அவள் அதைக் கேட்கவில்லை. கேட்டால் ஏதோ உறுதியாகிவிடும் போலிருந்தது. சரளையில் தன் பூட்ஸ் நொறுக்கும் சத்தத்தை மட்டும் கவனித்தபடி நடந்தாள். அவளுடையது வேகமானது. ராய்ஸுடையது கனமானது, முதுகில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து இடது காலை லேசாக இழுப்பான். இரண்டும் அவளுக்குப் பழகிய சத்தம். அவை இரண்டுக்கும் இடையில், ஒவ்வொரு முறையும் சற்றுத் தாமதமாக, ஈரத் துணியைக் கல்லில் வைத்தது போல இன்னொன்று விழுந்துகொண்டிருந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. அவள் நிற்கும்போது மட்டும்தான் நின்றது. ராய்ஸ் நின்றபோது அது நிற்கவில்லை.

ஆறாம் பெட்டி ஒரு பழைய தோட்டாப் பெட்டி, வெட்டுமரத்தின் அடித்தூருக்குள் இருந்தது. இங்கே சுருள் காய்ந்து சுத்தமாக இருந்தது. ராய்ஸ் தன் பெயரை எழுதிவிட்டு அவளிடம் நீட்டினான். வெர்னா எழுதும் முன்பு மேலே இருந்த வரிகளைப் பார்த்தாள். கருவியின் திரையில் எல்லா எழுத்தும் ஒன்று போலத்தான் இருக்கும். காகிதத்தில் கையெழுத்து தெரிந்தது.

ஹார்லன். ஐரிஸ். ஐரிஸ்.

முதல் ஐரிஸ் குண்டு குண்டான எழுத்து. இரண்டாவது ஐரிஸ் இடப்பக்கம் சாய்ந்து, பேனாவை அப்போதுதான் முதல்முறை பிடித்தவர் போல அழுத்தி எழுதியது. அதற்கு மேலே: டெல். கர்ட். கர்ட். இரண்டாவது கர்ட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தான். தாயும் மகளும் வந்த வரியில் மகளின் பெயர் இரண்டு முறை. சாய்ந்த எழுத்துகள் எல்லாம் ஒரே கை.

அவள் 'வெர்னா' என்று எழுதிச் சுருளைத் திருப்பிக் கொடுத்தாள். வாயைத் திறந்து சொல்லப் போனாள். அதற்குள் ராய்ஸ் சுருளையும் பேனாவையும் தனக்கு வலப்பக்கம் நீட்டினான். அங்கே யாரும் இல்லை. பனிமூட்டமும் அடித்தூரும்தான். முகத்தைத் திருப்பாமலே, கருவியில் அடுத்த பெட்டியின் தூரத்தைப் பார்த்துக்கொண்டே, அவன் கையை நீட்டியபடி நின்றான். கொஞ்ச நேரம் கழித்து மடக்கினான்.

வெர்னா சுருளைப் பிடுங்கினாள். அவள் எழுதியதற்குப் பக்கத்தில், மை காயாமல், இடப்பக்கம் சாய்ந்து: வெர்னா.

"இதை யாருக்குக் கொடுத்த?"

"உனக்குத்தான்."

"நான் ஏற்கெனவே எழுதிட்டேன், ராய்ஸ். ரெண்டாவது தடவை யாருக்குக் கொடுத்த?"

அவன் அவளைப் பார்த்தான். கேள்வி புரியாதவனின் முகம் அது, கேலி இல்லை. "உனக்குத்தானே கொடுத்தேன், வெர்னா. வேற யாரு இருக்கா இங்க?"

திரும்பிப் போய்விடலாம் என்று அவள் கெஞ்சினாள். வந்த வழியே போனால் நாலு மைல், முன்னால் போனால் ஒன்றரை மைல், நாலு மணிக்கு இருட்டிவிடும், தன் முதுகுக்கு நாலு மைல் தாங்காது என்றான் அவன். குரலில் அன்பு இருந்தது. பொறுமை இருந்தது. ஆனால் பேசும்போது அவன் கண் அவள் தோளுக்குச் சற்று அப்பால் பார்த்தது.

அவள் அவன் கையைப் பற்றிக்கொண்டு நடந்தாள். எதையாவது பேசிக்கொண்டே வந்தாள். வாகனக் கொட்டகைக் கூரை ஒழுகுவது, வியாழக்கிழமை நன்றி நாள் விருந்துக்கு அவன் அக்கா வருவது, வான்கோழியை யார் வாங்குவது என்று என்னென்னவோ. முதலில் அவன் பதில் சொன்னான். பிறகு 'ம்' என்றான். பிறகு அவளுக்கும் முன்பே சிரித்தான், அவள் சொல்லாத ஏதோ ஒன்றுக்கு. பனிமூட்டத்தில் அவன் கை ஈரமாகி வழுக்கியது. எங்கே விட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

"ராய்ஸ், நில்லு. நான் முன்னாடி போறேன்."

"நீ முன்னாடிதானே போற," என்றான் அவன், திரும்பாமல்.

அவனுக்கு முன்னால், மூட்டத்துக்குள் ஒரு பச்சை மழைச்சட்டை போய்க்கொண்டிருந்தது. அவளுடையதைப் போன்ற பச்சை. அவளுடைய நடை. இல்லை. நடை மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. ஒவ்வொரு அடியும் சற்றுத் தாமதமாக விழுந்தது.

வெர்னா ஓடினாள். ஓடையின் மேல் மரப்பாலம் வந்தது. பலகைகள் ஈரம். ராய்ஸின் பூட்ஸ் பலகையில் மத்தளம் போல ஒலித்தது. அந்த இன்னொன்றும் ஒலித்தது. இப்போது தாமதம் இல்லை. வேகமான, பழகிய சத்தம். அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தன. பலகையில் சத்தமே இல்லை.

ஏழாம் பெட்டி பாலத்தின் கைப்பிடிக்கு அடியில். ராய்ஸ் எழுதினான். சுருளை முன்பக்கம் நீட்டினான். திரும்ப வாங்கி, வெர்னா நின்ற பக்கமும் நீட்டினான். கை தயங்கியது. எதற்காக நீட்டினோம் என்று மறந்தவன் போல நின்றான்.

"ராய்ஸ், இங்க பாரு. என்னைப் பாரு. நான் இங்க இருக்கேன்."

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் அந்த இடத்தைச் சொறிந்துகொண்டான்.

அவள் பேனாவைப் பறிக்கப் பார்த்தாள். அவள் விரல்கள் அதைச் சுற்றி மூடின. பேனா அவன் கையிலேயே இருந்தது. அவன் சுருளை மூடி உள்ளே வைத்தான். கண்ணைச் சுருக்கிப் பாலத்தின் மறுகோடியைப் பார்த்து, "வரேன், வரேன்," என்றான். அவன் முகத்தில் ஒரு புன்னகை. அவளுக்கு அந்தப் புன்னகை தெரியும். இருபத்து நான்கு வருடமாக அவளுக்கு மட்டுமே உரியது அது.

அவள் அவன் பின்னாலேயே போனாள். கத்தினாள். பையின் வாரில் கட்டியிருந்த ஊதலை எடுத்து மூச்சு முட்டும்வரை ஊதினாள். ராய்ஸ் ஒரு முறை நின்று மேலே மரக்கிளைகளைப் பார்த்தான். முன்னாலிருந்து ஒரு குரல், அவளுடைய குரல், ஏதோ பறவையின் பெயரைச் சொன்னது. அவன் தலையாட்டிவிட்டு நடந்தான்.

பாதை கீழே வளைந்து இறங்கியது. மூட்டம் விலகியது. சரிவுக்கு அடியில் கார் நிறுத்துமிடம் தெரிந்தது. அவர்களுடைய வெள்ளைக் கார் மட்டும். எட்டாம் பெட்டியை அங்கிருந்த வேலிக் கம்பத்திலிருந்து எடுத்து, எழுதி, வைத்து முடித்திருந்தார்கள். ராய்ஸ் காரின் பின்கதவைத் திறந்து குடுவையிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தான். இரண்டு கோப்பை. பச்சை மழைச்சட்டை அவளுடைய இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கதவுக்கு வெளியே காலை நீட்டிப் பூட்ஸ் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தது. தலைமறைப்பை இறக்கியது. வெர்னாவின் நரைத்த கூந்தல். வெர்னாவின் கழுத்து. அது ராய்ஸிடமிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டு, அவன் கன்னத்தில் ஒட்டியிருந்த பாசியைத் துடைத்துவிட்டது.

இருபதடிதான். வெர்னா இறங்கினாள். கால் எட்டி எட்டி வைத்தாள். சரிவு நகரவில்லை. மரங்களின் கடைசி வரிசையைத் தாண்ட முடியவில்லை.

காரின் கதவுகள் சாத்திக்கொண்டன. ஒன்று. இரண்டு.

விளக்கு எரிந்தது. கார் பின்னுக்கு வந்து திரும்பியபோது அந்த வெளிச்சம் சரிவின் மேல் ஒரு முறை முழுதாகப் படர்ந்து போனது. அப்போதுதான் வெர்னா பார்த்தாள். மரங்களின் கடைசி வரிசையில், அவளுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும், மழைச்சட்டை போட்டவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு வயதான பெண்மணி. தாடி வைத்த ஒருவன். பதினைந்து வயதுக்கு மேல் இருக்காத ஒரு பெண். அதற்கு அப்பாலும் இருட்டுக்குள் ஆட்கள் தெரிந்தார்கள். ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. எல்லா முகமும் கார் போன சாலையையே பார்த்திருந்தது.

வயதான பெண்மணி தலையைத் திருப்பாமலே, ஓரடி நகர்ந்து, தன் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டாள்.