பிளாட் வேண்டாத தக்காளி

செவ்வாயின் ஏழாம் குவிமாடத்தில் எல்லாரையும் போல எபனேசரும் காலையில் எழுந்ததும் காற்று வாங்கப் போனார். டோக்கன் போட்டு, வரிசையில் நின்று, அன்றைய பங்கைச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"என்னண்ணே, ஒங்க தக்காளி காச்சுதா?" என்றார் முன்னால் நின்ற பொன்னுத்துரை. வரிசை முழுக்கச் சிரித்தது.

அந்தத் தக்காளி நின்றது குவிமாடத்திலிருந்த ஒரே மண்பாத்தியில். கட்டில் அகலம். ஓய்வு பெற்ற எபனேசருக்குத் தோட்ட வாரியம் கொடுத்திருந்தது. மாதக் கடைசிச் சோதனைக்குள் காய்க்காவிட்டால் அங்கே இன்னொரு பாசித்தொட்டி வரும். ஏற்கெனவே காலையில் பாசி இட்லி, மதியம் பாசிக் குழம்பு, கல்யாண வீட்டில் பாசிக் கேசரி. மூன்று தலைமுறையாகத் தின்று தின்று அங்கே வியர்வைகூடப் பச்சையாகத்தான் வரும்.

பூவுக்குக் குறைவில்லை. கறுப்புக் கண்ணாடி போடாமல் செடியைப் பார்க்க முடியாது, அத்தனை மஞ்சள். ஆனால் ஒரு பூகூடப் பிஞ்சாகவில்லை.

காற்றுக்கதவுகளை மேற்பார்வையிட்டே காலம் கழித்த எபனேசருக்குத் தெரிந்த விவசாயமெல்லாம், இருநூறு வருடங்களுக்கு முன் விருதுநகர் மொட்டைமாடியிலிருந்து காணொளி போட்ட சண்முகக்கனி டீச்சர் சொல்லிக் கொடுத்ததுதான். அதையும் முழுசாகப் பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. ஒவ்வொருவர் காதிலும் ஒரு சாறுபிழியான் உண்டு. ஒரு மணி நேரப் பாடத்தைப் பிழிந்து, சக்கையைத் தள்ளி, நாலு வரியாகக் காதில் ஊற்றிவிடும். மண், தண்ணீர், வெளிச்சம், உரம். எல்லாம் செய்தாயிற்று. பிஞ்சு ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால், "சாற்றில் அது இல்லை" என்றது.

"அப்போ சக்கையைப் பாருங்க," என்றாள் மனைவி ரூத். "ரிட்டயர் ஆயாச்சு. அப்படி என்ன தலை போற வேலை?"

காணொளியை முழுசாக ஓட்டிப் பார்த்தார். மொட்டைமாடியில் காக்கை கத்தியது. கீழ் வீட்டில் குக்கர் விசிலடித்தது. தக்காளிச் செடியின் கம்பில் ஒரு துணிப்பை, அதற்குள் டீச்சரின் போன். ட்ர்ர்ர்! கொப்பு நடுங்கியது.

"பிளாட் வேணாம்ப்பா. பைபாஸ் பக்கத்துல இருந்தாலும் வேணாம். வை."

மறுபடி ட்ர்ர்ர். மறுபடி பிளாட்.

"இந்தப் பிளாட் விக்கிற பயலுக தொல்லை தாங்கல," என்று டீச்சர் சிரித்தார். "ஆனா ஒண்ணு பாத்துக்கோங்க மக்கா, போன் தொங்குற செடிதான் காச்சுத் தள்ளுது. பூ அதிர்ந்தாத்தான் மகரந்தம் உதிரும். காத்து, வண்டு வராத எடம்னா நீங்களே ஒரு உலுக்கு உலுக்கி விடுங்க."

செவ்வாயில் காற்று சிலிண்டரில் இருந்தது. வண்டு பாடத்தில் இருந்தது.

எபனேசர் பெட்டியைக் குடைந்தார். காற்றுக்கதவு கசிந்தால் இடுப்பில் அதிரும் பழைய அதிர்மணி கிடைத்தது. கம்பில் கட்டிப் பொத்தானை அழுத்தினார். ட்ர்ர்ர்!

சோதனைக்கு வந்த அதிகாரி குனிந்து காய்களை எண்ணத் தொடங்கியவர், நிமிர முடியாமல் ஸ்ட்ரெச்சரில்தான் திரும்பிப் போனார். பாத்தி தப்பியது. முதல் பழத்தைக் காகிதம் போலச் சீவிக் குவிமாடமே தின்றது. பொன்னுத்துரை தேம்பித் தேம்பி அழுதார்.

வானில் புள்ளியாகத் தெரிந்த பூமியைப் பார்த்து எபனேசர் கைகூப்பினார். "டீச்சர், நீங்க நல்லாயிருக்கணும். அந்தப் பிளாட்டுக்காரத் தம்பியும் நல்லாயிருக்கணும்."

மகிழ்ந்துபோன வாரியம் வீட்டுக்கொரு பாத்தி கொடுத்தது. எபனேசரும் நன்றி தாங்காமல் நடந்ததையெல்லாம் ஒரு மணி நேரப் பாடமாகப் பேசி, "முழுசாப் பாருங்கப்பா" என்று கெஞ்சி, எல்லாருக்கும் அனுப்பினார்.

எல்லார் வீட்டுச் செடியும் பூத்தது, பூத்ததோடு சரி. ஒருநாள் காற்று வாங்கப் போகும் வழியில் எபனேசர், பொன்னுத்துரை தன் செடிமுன் பயபக்தியோடு குனிந்து நிற்பதைக் கண்டார்.

"பிளாட் வேணாம்ப்பா. பைபாஸ் பக்கத்துல இருந்தாலும் வேணாம். வை."

பக்கத்து வீட்டிலும் அதே குரல். எதிர் வீட்டிலும்.

"சாறுபிழியான் கொடுத்த நாலு வரில கடைசி வரி இதுதாண்ணே," என்றார் பொன்னுத்துரை. "தெனமும் தவறாம சொல்றேன். ஒரே ஒரு சந்தேகம். இந்த பைபாஸ்ங்கிற உரம் எங்க கிடைக்கும்?"