கீழே ஒருவர் நின்று பார்க்க வேண்டும்

வாளி நிறைந்திருந்தது. கட்டிலின் தலைமாட்டில், விளிம்பு வரை தளும்பி நின்ற தண்ணீரைக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் குனிந்து பார்த்தார். பிறகு கூட வந்திருந்த மேல்வீட்டுக்காரியைப் பார்த்தார்.

"நான்தானே மேடம் இதைக் கவுத்து வச்சுட்டு வீட்டைப் பூட்டினேன்? சாவி என்கிட்டதானே இருக்கு?"

"மழைச் சாரல் அடிச்சிருக்கும்."

ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அதை அவரும் கவனித்தார், அவளும் கவனித்தாள். இருவரும் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்கள்.

கீழ்வீட்டுப் பெரியவர் இந்தக் கட்டிலில்தான் செத்துப் போனார். ஊறி உப்பியிருந்த கூரைப்பூச்சு, தூங்கிக்கொண்டிருந்தவர் மேல் பாளமாக விழுந்துவிட்டது. தனியாள். நாற்றம் வந்த பிறகுதான் கதவை உடைத்தார்கள்.

அதற்கு நேர் மேலே அவளுடைய குளியலறை. கணவன் விட்டுப் போன பிறகு, அவன் மேசை கிடந்த அறையை இடித்து, தனக்கென்று ஆசையாகக் கட்டிக்கொண்டது. சங்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. வேலை செய்த கொத்தனார் மட்டும் தலையைச் சொறிந்தார்: "டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி தரையில தண்ணி கட்டி வச்சுப் பாக்கணும்மா. கீழ்வீட்ல ஒருத்தர் நின்னு மேல பாக்கணும்." கீழ்வீட்டில் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. "அதெல்லாம் வேணாம், ஒட்டுங்க" என்றுவிட்டாள்.

அவளுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் மேசை. எதையும் ஒப்புக்கொள்ளாமல் பேசுவது கைவந்த கலை. பெரியவர் மூச்சு வாங்க மாடியேறி வந்து, "உங்க தண்ணிதாம்மா, சோப்பு வாசனை அடிக்குதே" என்றபோதெல்லாம், "எங்க வீட்ல ஒழுக்கே இல்லீங்க" என்று அனுப்பிவைத்தாள். கடைசியாக வந்த அன்று அவர் குறையே சொல்லவில்லை. "கட்டில் மலைக்கனம் கனக்குதும்மா. ஒத்தையாளா நகத்த முடியல. கொஞ்சம் ஒரு கை பிடிக்கிறீங்களா?"

கை பிடித்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். "எனக்கு இடுப்பு வலிங்க" என்று கதவைச் சாத்தினாள்.

சாயங்காலம் அவருடைய மகள் வெளியூரிலிருந்து வருகிறாள், அப்பாவின் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்க.

"மேல பச்சைச் சாயத்தைக் கரைச்சு ஊத்துவோம்," என்றார் செயலாளர். "கீழ பச்சையாச் சொட்டினா உங்க தண்ணி. சொட்டலேன்னா அந்தப் பொண்ணு உங்களைக் கை காட்ட முடியாது. மடியில கனமில்லேன்னா வழியில பயம் எதுக்கு மேடம்?"

"மேல நீங்களே போய் ஊத்துங்க சார். நான் ஊத்தினா, ஊத்தாமலே ஏமாத்திட்டேன்னு பேச்சு வரும். நான் கீழ நின்னு பாக்கிறேன்."

"உஷாரான ஆளுதான் நீங்க!" சிரித்துக்கொண்டே அவள் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு போனார். அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு பழைய துண்டு, மடித்து வைத்திருந்தாள்.

அவருடைய செருப்புச் சத்தம் படியேறித் தேய்ந்து மறைந்தது. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டிருந்தார்கள். மேகம் மூடிய பிற்பகலின் வெளிச்சம் ஜன்னல் இடுக்கில் சாம்பலாகக் கசிந்து, கட்டிலின் கால்மாடு வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. ஈரச் சுண்ணாம்பு வாசனை. அதற்கடியில் வலித் தைலம். அதற்கும் அடியில், எத்தனை முறை கழுவியும் போகாத அந்த இன்னொன்று. கூரையில் பூச்சு பெயர்ந்த இடம் கறுத்த குழியாக, துருப்பிடித்த கம்பிகளோடு வாயைப் பிளந்திருந்தது. அண்ணாந்து அண்ணாந்து கழுத்து கடுத்தது. மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள், வெறும் பலகைதான். உட்கார்ந்தாள். பிறகு, வேறு வழியில்லாமல், மல்லாந்து படுத்தாள்.

பலகை நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. ஒரே ஆள், ஒரே இடத்தில், வருஷக்கணக்காகப் படுத்த பள்ளம். தன் கட்டிலிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இன்னொருவர் தூங்கிய இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து எத்தனை காலமாகிறது!

நெற்றியில் ஒரு சொட்டு.

துண்டால் துடைத்தாள். அந்த மங்கலில் நிறம் தெரியவில்லை. இன்னொன்று, கன்னத்தில். அதையும் துடைத்தாள். பலகையில் ஒரு துளி பட்டாலும் பச்சைக் கறை ஊறிவிடும். பிறகு என்ன பேசியும் பிரயோஜனமில்லை. உடம்பை நகர்த்தி நகர்த்தி, விழுவதை எல்லாம் முகத்திலேயே வாங்கினாள். துண்டு நனைந்து கனத்தது. பிழிய நேரமில்லை. சொட்டுக்குச் சொட்டு இடைவெளி நெருங்கியது. இன்னும் நெருங்கியது.

வாயைத் திறந்தாள்.

விழுங்கினாள். வெதுவெதுப்பாக இருந்தது. மறுபடி திறந்தாள்.

கைப்பேசி அடித்தது. செயலாளர். அவர் வாயைத் திறக்குமுன் அவளே முந்திக்கொண்டாள்.

"ஒரு சொட்டு இல்ல சார். கட்டில் காஞ்சு கிடக்கு. நல்லாப் பாத்துட்டேன்."



"என்ன மேடம் சொல்றீங்க? நான் இன்னும் சாயப் பொட்டலத்தையே பிரிக்கல. உங்க வாசப் பூட்டோட மல்லுக்கட்டிட்டு நிக்கிறேன். இதுல எது சாவி?"

வாய் நிறைந்திருந்தது.

கைப்பேசி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. "மேடம்? மேடம்?"

கூரைக் குழி உப்பிக்கொண்டிருந்தது. கம்பிகளுக்கு நடுவே, ஈரச் சுண்ணாம்பில், மெதுவாக. முதலில் இரண்டு குதிகால். பிறகு இடுப்பு. தோள்பட்டை. பிடரி. மேலே யாரோ படுத்திருக்கும் பாரத்தில் தளம் தொய்ந்து இறங்குவது போல.

எழுந்திருக்க வேண்டும். பள்ளம் அவளை விடவில்லை. அவள் அளவுக்கே சரியாக இருந்தது.

தோள் அசைந்தது. ஒரு பக்கம். பிறகு மறுபக்கம். ஒத்தாசைக்கு ஆளில்லாத வயசாளி போல, கொஞ்சம் கொஞ்சமாக, அது அவள் பக்கம் புரண்டது.

காது. கன்னம். மூக்கு.

அவள் வாய்க்கு நேர் மேலே, சொட்டிக்கொண்டு, திறந்த வாய்.