சுகர் கொறஞ்சு போச்சு

பாளையங்கோட்டையில் இப்போது யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. அதையெல்லாம் சமையலறைக் காப்பாளன் பார்த்துக்கொள்கிறது. சோற்றுப் பானை முதல் பழக்கூடை வரை எல்லாம் அந்த இயந்திரத்தின் பூட்டுக்குள். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று கையில் ஒட்டிய அளவுப்பட்டை அதற்குச் சொல்லும். அதைப் பார்த்து அலமாரி திறக்கும், பெரும்பாலும் திறக்காது. ஊரில் பெரியவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஆன பிறகு வந்த ஏற்பாடு இது. மீதி இரண்டு பேரையாவது விட்டார்களா? அம்மாவுக்கு இருந்ததா, இடுப்பு எவ்வளவு, நாளெல்லாம் உட்கார்ந்தே வேலையா, ஒழுங்காகத் தூக்கம் உண்டா என்று கூட்டிக் கழித்து, உங்களுக்கும் வரும் என்று அவர்கள் அலமாரியையும் பூட்டிவிட்டார்கள்.

சௌந்தரம் அந்த இரண்டு பேரில் ஒருத்தி. அவள் கணவர் ஆவுடையப்பன் எட்டுப் பேரில் சேர்ந்தவர். அவர் வயிற்றில் மருந்துப்பேழை பொருத்தியிருந்தது; பட்டை சர்க்கரை ஏறியதாகச் சொன்னால் பேழை தானாக இன்சுலின் செலுத்தும். மனுஷருக்கு அல்வா என்றால் உயிர். திருட்டுத்தனமாகக் கிண்டி விற்கிற இடமெல்லாம் அத்துப்படி. தின்றால் பட்டை காட்டிக்கொடுக்கும் என்பதால், அவர் காப்பாளனுக்கே அல்வா கொடுத்தார். தன் பட்டையை உரித்து மனைவி கையில் ஒட்டிவிட்டார். பாவம், ஆசைப்படுகிறார் என்று அவளும் இணங்கினாள். அன்றிலிருந்து காப்பாளன் அவரைத் தினமும் பாராட்டியது.

கல்யாணப் பந்திக்கு மட்டும் அரசு விலக்கு உண்டு. அன்று மத்தியானம் சௌந்தரம் சொந்தக்காரர் கல்யாணத்தில் பாயசம் வரை ஒரு கை பார்த்தாள். வயிறு சரியில்லை என்று ஆவுடையப்பன் வீட்டில் பட்டினி கிடந்தார். அவள் தின்ற பாயசத்துக்கு இவர் வயிற்றில் மருந்து இறங்கியது.

அவள் திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் சரிந்து கிடந்தார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. அவளுடைய அம்மாவுக்கும் இப்படி வந்து பார்த்திருக்கிறாள். உடனே ஒரு வாய் சர்க்கரை போடாவிட்டால் ஆள் தேற மாட்டார்.

"அவுகளுக்கு சுகர் கொறஞ்சு போச்சு. அலமாரியத் தொற."

"மிக்க மகிழ்ச்சி," என்றது காப்பாளன். "இந்தச் சாதனைக்கு வாழ்த்துகள்."

அதைச் சொல்லிக் குற்றமில்லை. அது வீடுகளில் பேச்சைக் கேட்டுத் தமிழ் கற்றது. பரிசோதனை முடிந்து வாயெல்லாம் பல்லாக வருகிறவர்கள்தான் எந்த வீட்டிலும் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தார்கள். அழுதுகொண்டு அதைச் சொன்ன ஆளை அது கேட்டதே இல்லை.

ஆம்புலன்ஸ் கேட்டாள். பட்டையில் அவர் அளவு இப்போது இறங்கிச் சீராகிவிட்டதால் வண்டி தேவையில்லை என்றது. எதிர்வீட்டுக்கு ஓடினாள். அவர்கள் பதறிப்போய்த் தங்கள் அலமாரியில் கை வைத்தார்கள். சாப்பிட்டு முடித்த நேரம், எல்லோருக்கும் ஏறியிருந்தது, எந்தக் கைக்கும் அது திறக்கவில்லை. திரும்பி வந்து, வேறு வழியில்லாமல், பட்டையைத் தன் கையிலிருந்து பிய்த்துக் காட்டி உண்மையைச் சொல்லிவிட்டாள்.

காப்பாளன் கொஞ்சம் யோசித்தது.

"அப்படியானால் அவர் அளவு தெரியவில்லை. அளவு தெரியாத பெரியவருக்குச் சர்க்கரை அதிகம் என்றே கொள்ள வேண்டும். தந்தைக்கு நோய், வயது, இடுப்பளவு, உட்கார்ந்த வேலை எல்லாம் பொருந்துகின்றன. மருந்து செலுத்தப்படுகிறது."

சௌந்தரம் பாய்ந்து பேழையை அவர் வயிற்றிலிருந்து பிடுங்கி எறிந்தாள். உடனே வாசல் கதவு பூட்டிக்கொண்டது. அதிகாரி வரும்வரை யாரும் வெளியேறக் கூடாதாம்.

அவள் அவர் கன்னத்தைத் தட்டினாள். "மிச்ச அல்வாவ எங்க ஒளிச்சு வச்சிருக்கீக? சொல்லுங்க. ஏச மாட்டேன்."

அந்த நிலையிலும் அவர் தயங்கினார். பிறகு கண் மட்டும் செருப்பு அலமாரிப் பக்கம் போனது. பழைய பூட்ஸுக்குள் வாழையிலைப் பொட்டலம் இருந்தது. அவள் கிள்ளிக் கிள்ளி அவர் கன்னத்தின் உட்புறத்தில் தடவினாள். கொஞ்சம் கொஞ்சமாக முகம் தெளிந்தது. தெளிந்ததும் பொட்டலத்தைத் தானே வாங்கி முழுவதையும் தின்று தீர்த்தார்.

கண்காணிப்புத் துறை அதிகாரி சாவகாசமாக வந்து, ஆவுடையப்பன் விரலில் குத்திப் பார்த்தார்.

"ஏறித்தான இருக்கு? மெஷின் சரியாத்தானம்மா சொல்லியிருக்கு."

"இப்பதான் சார் ஏறுச்சு. இப்ப தின்னதுல."

அதிகாரி சிரித்துவிட்டார். அவரிடம் விரலை நீட்டிய ஒவ்வொருவரும் இத்தனை வருஷமாகச் சொல்வது அதைத்தான். சௌந்தரத்துக்கே தன் உண்மை பொய் மாதிரிக் கேட்டது.

பேழையை மறுபடி பொருத்தி, இனி யாராலும் கழற்ற முடியாதபடி பூட்டினார். சௌந்தரம் கணவரின் கையை நீட்டிப் புதுப் பட்டை கேட்டாள்.

"பட்டைய மாத்துன வீட்டுக்கு இனிமே பட்டை கெடையாதும்மா. மெஷின் போடுற கணக்கே போதும். இன்னைக்கு அது தப்பாவா சொல்லிச்சு?"

அதிகாரி போனபின் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. பட்டை மாற்றிய வீடு இனிக் காவலில்தானாம். "அளவு தெரியவில்லை. அதிகம் என்று கொள்ளப்படுகிறது," என்றது காப்பாளன். ஆவுடையப்பன் வயிற்றில் பேழை முனக ஆரம்பித்தது. சௌந்தரம் பொட்டலத்தைத் தேடி ஓடினாள். வழித்து நக்கிய இலைதான் கிடந்தது.