அப்பா பார்க்கக் கூடாத கதை

வியாழனின் நிலவு ஒன்றில் இருக்கிற நீள்குடி என்ற ஊரில் யாராவது இறந்துபோனால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு குரல்பெட்டி வாங்க வரிசையில் நிற்பார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. இறந்தவர் எழுதிவைத்ததை அதற்குள் ஊட்டினால் அவரைப் போலவே பேசும். குரலை எங்கிருந்தும் எடுத்துவிடலாம், மனசை எழுத்திலிருந்துதான் எடுக்க முடியும் என்பது அந்த ஊர் விஞ்ஞானம். காதல் கடிதம் எழுதாத கிழவர்களின் பெட்டிகள் பெரும்பாலும் தண்ணீர் வாரியத்துக்கு எழுதிய புகாரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

தணிகைவேலும் இந்திராணியும் மகள் பூவிழிக்காக நின்றார்கள். ஒன்பது வயது. காய்ச்சல், மூன்றே நாள்.

அவள் எழுத்துக்குக் குறைவில்லை. பள்ளியின் 'மாணவர் மனங்கவர் கதைகள்' தொகுப்பில் மூன்று ஆண்டும் முதல் பரிசு அவளுக்குத்தான். ராவணன் பத்து வாய்க்கும் பல் விளக்குகிற கதை, ஊர்க்காற்று வெளியே போகாமல் அடைக்கிற காற்றுக்கதவில் குடியிருக்கும் பேயின் கதை, கார்ட்டூன் பூனை எலிக்கு டியூஷன் எடுக்கிற கதை.

அதிகாரி மரகதம் மூன்றையும் ஊட்டிப் பெட்டியை நீட்டினாள். இந்திராணி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"பாப்பா, அம்மா பேசறேன்டா."

"இக்கதை உணர்த்தும் நீதி யாதெனில்," என்றது பெட்டி, பூவிழியின் கீச்சுக்குரலில், "ஒழுக்கம் உடையோரே வாழ்வில் உயர்வர்."

"சாப்பிட்டியாடா?"

"நேர மேலாண்மை இன்றியமையாதது."

மரகதம் திரையைப் பார்த்தாள். "தப்பா நினைக்காதீங்கம்மா. இதுல தொண்ணூத்தேழு சதவீதம் எழுதினது, நாப்பது வயசு தாண்டின ஒரு ஆம்பளைன்னு காட்டுது."

இந்திராணி திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"லேசாத்தான் திருத்தினேன்," என்றான் தணிகைவேல். "எல்லா அப்பாவும் செய்யறதுதானே. புள்ளை பரிசு வாங்கட்டுமேன்னு..."

"அதான் வாங்கிட்டீங்களே."

மரகதம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னும் ஒரே ஒரு தடவை ஊட்ட முடியும். அவ எழுதினது ஒரு பக்கம் இருந்தாப் போதுங்க. எழுதினபடியே இருக்கணும்."

வீட்டை இரண்டு நாள் புரட்டினார்கள். பூவிழி வெளியே போகும்போது போடுகிற கனத்த காலணிக்குள் எட்டாக மடித்த ஒரு தாள் கிடைத்தது. மேலே 'அப்பா பாக்கக் கூடாது' என்று எழுதியிருந்தது.

இந்திராணி அதைப் பிரிக்கவில்லை. "அவ வாயாலயே கேட்டுக்கறேன். அப்படியே கொண்டுபோய்க் குடுங்க."

வரிசையில் நாற்பது பேர். தணிகைவேல் தாளைப் பிரித்தான்.

செத்துப்போன ராவணன் பேயாக வருகிறான். பேய்க்கு இருட்டென்றால் பயம், அதுவும் பத்து மடங்கு. கார்ட்டூன் பூனை துணைக்கு வந்து படுக்கிறது. ஒன்பது தலைகள் தூங்கிவிடுகின்றன. பத்தாவது மட்டும் பூனையிடம், 'எங்க அப்பா எப்ப வருவாரு?' என்று கேட்கிறது. கதை அதோடு நின்றிருந்தது.

தணிகைவேல் அழுதான். முன்னால் நின்றவர் திரும்பித் தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டுகிற அளவுக்கு அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தான்.

நல்ல கதைதான். முடிவுதான் இல்லை. பேய் பயப்படுவதற்குக் காரணமும் சொல்லவில்லை. குழந்தைதானே, அவளுக்கு என்ன தெரியும்.

வரிசை மெல்ல நகர்ந்தது. சட்டைப்பையில் பேனா இருந்தது.

மரகதம் அவன் பெயரைக் கூப்பிட்டபோது தாளின் அடியில் மை இன்னும் காயவில்லை.