ஏழாம் தொட்டி

"திரையில வந்த எடையைத்தானுங்க போட்டேன். ஏழாம் தொட்டியில என்ன இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க."

"அப்பறம் அந்தம்மா பண்ணைக் கோழி மட்டும் எப்படிடா செத்துது?"

சடையன் கையெடுத்துக் கும்பிட்டான். நாமக்கல்லுக்கு வெளியே இருந்த அந்தத் தீவன மில்லில் கலவை போடுகிறவன் அவன். கேட்டவர் சப்-இன்ஸ்பெக்டர் மணியன். 1988 ஆடி மாதம், காலை பத்து மணி. சௌந்திரத்தின் பண்ணையில் பாதிக் கோழிகள் விடிவதற்குள் சுருண்டுவிட்டன. தீவனத்தில் உப்பு அதிகம் என்றார் மாட்டு டாக்டர். வாசலில் ஜீப் நின்றது. சடையனை ஏற்றுவதுதான் பாக்கி.

கலவையை யாரும் திருடிவிடக் கூடாதென்று மில் முதலாளி சின்னுசாமி தொட்டிகளுக்கு எண் மட்டுமே போட்டிருந்தார். அளவைச் சொல்வது கம்ப்யூட்டர். அதற்குப் புரோகிராம் எழுதிய சேலத்துச் சின்னராஜ், உள்ளே இருப்பதை எவராலும் படிக்க முடியாதபடி சிக்கலாக்கித் தந்திருந்தான். போட்டி மில்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். போன வாரம்தான் வந்து சரிபார்த்துவிட்டுப் போனான். இன்றும் சேதி கேட்டு வந்து நின்றவன், அதில் வேறு யாரும் கை வைக்க முடியாது, ஆகவே தப்பு எடை போட்ட ஆளுடையதுதான் என்று நிதானமாக விளக்கினான்.

சௌந்திரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்துப் பண்ணைக்காரர், சின்னராஜுக்குப் பெண் கொடுத்தவர், அவளுடைய கோழிக் கொட்டகையை விலைக்குக் கேட்கிறாராம். கொடுத்துவிடலாமா என்று மணியனையே கேட்டாள்.

மணியன் திரையைப் பார்த்தார். அது முதலில் கேட்டது பெயர். பிறகுதான் கோழிகளின் எண்ணிக்கை.

"ஏனுங்க, கோழி தீனி திங்கறதுக்கு ஓனர் பேரு எதுக்குங்க?"

"பில்லுக்கு," என்றான் சின்னராஜ்.

சின்னுசாமியை அவர் பெயரிலேயே ஐநூறு கோழி என்று தட்டச் சொன்னார் மணியன். அடுத்து சௌந்திரத்தின் பெயரில், அதே ஐநூறு. ஆறு தொட்டிகளின் அளவு இம்மியும் மாறவில்லை. ஏழாவது மட்டும் பத்து மடங்கு.

"அதுலதானுங்க உப்பு," என்று முனகினார் சின்னுசாமி.

"புரோகிராமை நான் படிக்கலீங்க. ஒரே கேள்வியை ரெண்டு பேருல கேட்டேன், அவ்வளவுதான். கலவையை மறைக்க நீங்க கட்டச் சொன்ன செவுத்துக்குப் பின்னாலயே இவரும் ஒளிஞ்சுக்கிட்டாரு. மாமனாருக்குக் கொட்டகை மலிவா வேணுமில்ல?"

சின்னராஜின் முகம் வெளுத்தது. சடையன் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெருமூச்சோடு சிரித்தான். சௌந்திரம் தன் தூக்குப்போசி மோரை அவனிடம் நீட்டினாள். மிச்சக் கோழிகள் தண்ணீர் குடித்துத் தேறிக்கொண்டன, கொட்டகையைத் தரப் போவதில்லை என்றாள்.

ஜீப்பில் ஏறியது சின்னராஜ். நாற்பது பண்ணைக்குத் தீவனம் கொடுக்கும் சின்னுசாமி ஓடிவந்து கம்பியைப் பிடித்தார்.

"சாமி, உன்னைய வெய்யறதுக்கு வரலை. அந்தப் புரோகிராமுக்குள்ள இன்னும் யாரார் பேரு இருக்குதுன்னு மட்டும் சொல்லிப்போட்டுப் போ."